ஹெல்யர் பாணிக் கூஜா

“‘பாணியில்’னா என்ன அர்த்தம்?”

தெல்மா யாப்ஸ்லி அந்த அட்டையை மேஜைமேல் அறைந்த வேகத்தில் மிஸ்டர் பெத்திக்கின் தேநீர் தளும்பித் தட்டில் வழிந்தது.

பெத்திக் தேநீரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். தெல்மாவின் முகத்தைப் பார்க்க மட்டும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

“பாணியில்னா… அந்த மாதிரின்னு அர்த்தம், மிசஸ் யாப்ஸ்லி.”

“எந்த மாதிரி?”

“ஹெல்யர் மாதிரி. ஆனா ஹெல்யர் இல்ல.”

“அப்போ போலின்னு சொல்றீங்க.”

“போலின்னு நான் எங்கே சொன்னேன்?”

“நீங்க சொல்லல. இந்த அட்டை சொல்லுது!”

அட்டையில் அச்சடித்திருந்தது இவ்வளவுதான்: ‘சுடுமண் கூஜா ஒன்று, குவளைகள் இரண்டு. ஏ. ஹெல்யர் பாணியில். செய்தவர் தெரியவில்லை. இரவல்: யாப்ஸ்லி குடும்பம்.’

ஓட்டர்கோம்பில் மண்பாண்ட ஆலை மூடி ஐம்பது வருடமாகிறது. ஊர்க்காரர்கள் சேர்ந்து இப்போது அதை அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள்; அதற்குப் பொறுப்பாளர் பெத்திக். திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. விக்டோரியா மகாராணி காலத்தில் அந்த ஆலைக்கு லண்டனிலிருந்து வரைபடம் போட்டு அனுப்பியவர் ஏ. ஹெல்யர். அந்த வரைபடங்களால்தான் ஓட்டர்கோம்ப் என்று ஓர் ஊர் இருப்பதே வெளியுலகுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு ஹெல்யர் பெயர், சாராயக் கடைக்கு ஹெல்யர் பெயர், பேருந்து திரும்பும் முக்குக்குக்கூட ஹெல்யர் முக்கு என்றுதான் பெயர். அந்த ஊரில் ஒரு வீட்டில் ஹெல்யர் இருக்கிறதென்றால் அது சாதாரண விஷயமில்லை. தெல்மா தன் கல்யாணத்திலிருந்து முப்பத்தெட்டு வருடமாக, “எங்க வீட்டு ஹெல்யர்” என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கூஜாவைத் துடைத்திருக்கிறாள். ஊரில் அவளுக்கிருந்த மதிப்பில் பாதி அந்தக் கூஜாவில்தான் இருந்தது.

“எங்கே வைக்கப் போறீங்க?” என்றாள்.

“மாடிப்படிக்குக் கீழே. நல்ல வெளிச்சம்…”

“கழிப்பறைக்குப் போற வழியில.”

“எல்லாரும் கண்டிப்பா பார்ப்பாங்க, அதைச் சொல்ல வந்தேன்.”

“எனிட் லஸ்கமோட தட்டு எங்கே?”

பெத்திக் இருமினார். தர்மசங்கடம் வந்தால் அவருக்கு இருமலும் கூடவே வரும். “முன்கூடம். கண்ணாடிப் பெட்டி.”

“அதுக்கு என்ன அட்டை?”

“‘ஹெல்யர் வடிவமைத்தது.’ அதுக்கு அடியில முத்திரை இருக்குங்க! நான் என்ன செய்ய? இதுல மூணு படி இருக்கு. முத்திரை இருந்தா ‘வடிவமைத்தது’. முத்திரை இல்லாம நல்ல ஆதாரம் இருந்தா ‘வடிவமைத்ததாகக் கருதப்படுவது’. ரெண்டும் இல்லன்னா…”

“கழிப்பறை.”

“பாணி” என்றார் பெத்திக் பாவமாக. “இது உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு ஒரு ஆதாரம் கொண்டாங்க. அட்டையை நானே மாத்தறேன்.”

எனிட் லஸ்கம் தெல்மாவின் கணவர் ரெஜ்ஜுக்குச் சித்தப்பா மகள். அதாவது நாத்தனார். இவ்வளவு சொன்னால் போதும்.

*

ரெஜ் முப்பத்தாறு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எதற்கும் அவசரப்பட மாட்டார். தெல்மா கத்தி முடிக்கும்வரை இறைச்சிப் பணியாரத்தை ஓரத்திலிருந்து ஒழுங்காகக் கடித்துத் தின்றுகொண்டிருந்தார்.

“அப்பாவோட அம்மா லவீனியா அந்த ஆலையிலதான் வேலை பார்த்தாங்க” என்றார், விரலைத் துடைத்துக்கொண்டு. “பானைக்கு நீலப் பட்டை போடற வேலை. அவங்க கல்யாணத்துக்கு ஹெல்யரே குடுத்த பரிசுன்னு அப்பா சொல்வாரு.”

“இதை ஏன் இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கலையே.”

தெல்மா கோட்டை மாட்டிக்கொண்டு திரும்ப அருங்காட்சியகத்துக்கே நடந்தாள். பெத்திக் அவளைச் சன்னலிலேயே பார்த்துவிட்டுத் தேநீரை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

“கல்யாணப் பரிசா?” என்றார். “வாய்வழிச் செய்திதானே? எழுத்துல ஏதாவது இருக்கா? அதோட… பட்டை போடற பொண்ணுங்க நாப்பது பேரு இருந்தாங்க. அத்தனை பெரிய ஆளு, அதுல ஒரு பொண்ணுக்கு மட்டும் எதுக்குக் கூஜா குடுக்கணும்?”

“ஏன்? பட்டை போடறவன்னா பரிசு வாங்கக் கூடாதா? கை அழுக்கா இருந்தா மனுஷி இல்லையா?”

“நான் அப்படிச் சொல்லல…”

“நீங்க எதையுமே சொல்றதில்ல, மிஸ்டர் பெத்திக். இருமறீங்க, அவ்வளவுதான்.”

எழுத்து வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழிதான் இருந்தது. லவீனியாவின் தகரப் பெட்டி எனிட்டிடம் இருந்தது. பாகம் பிரித்தபோது கூஜா இந்த வீட்டுக்கு, தட்டும் தகரப் பெட்டியும் அந்த வீட்டுக்கு. பதினோரு வருடத்துக்கு முன்பு, தேவாலயத்து நாற்காலிகளை யார் துடைப்பது என்ற தகராறில் தெல்மாவும் எனிட்டும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். இப்போது தெல்மா பாலேடு வைத்த பன் ஆறு வாங்கிக்கொண்டு எனிட்டின் வாசல்மணியை அழுத்தினாள். அழுத்தும்போதே பல்லைக் கடித்தாள்.

“அடடே” என்றாள் எனிட். “யாரு செத்துட்டாங்க?”

“யாரும் சாகல. பன் கொண்டுவந்திருக்கேன்.”

“நீ எனக்கு பன்னா? அப்போ பெரிய ஆளுதான் யாரோ செத்திருக்கணும்.”

தெல்மா விஷயத்தைச் சொன்னாள். சண்டை போட்டே ஆக வேண்டிய இடத்தில் எனிட் சண்டை போடவில்லை. உள்ளே போனாள். ஒரு பழுப்பு உறையுடன் வந்தாள். அதைத் தெல்மாவின் கையில் வைத்துவிட்டு ஒரு பன்னை எடுத்துக்கொண்டாள்.

“தாராளமா எடுத்துட்டுப் போ. படிச்சுட்டு என்னைத் திட்டாதே” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு தெல்மாவுக்குப் பிடிக்கவே இல்லை.

*

கடிதத்தாளின் தலைப்பில் லண்டன் ஓவியப் பள்ளி ஒன்றின் விலாசம் அச்சாகியிருந்தது. தேதி 1879 மே மாதம். கீழே எழுத்து ஒல்லியாக, நிமிர்ந்து, அழகாக இருந்தது. ரெஜ் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் தெல்மாவே வாய்விட்டுப் படித்தாள்.

‘என் லவீனியா, உனக்குக் கல்யாணம் என்று ஆலையிலிருந்து எழுதினார்கள். மூன்று நாள் பென்சிலைத் தொடவில்லை. போன கோடை முழுக்க ஆற்றங்கரையில் உட்கார்ந்து நாம் வரைந்த கூஜாவைச் சுடச் சொல்லி உனக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். குவளை இரண்டு. ஒன்று உன்னுடையது. மற்றது யாருடையது என்று உனக்குத் தெரியும். உன் கணவரைத் தேநீர்க் கோப்பையில் குடித்துக்கொள்ளச் சொல். மாதம் ஒரு முறை நான் அங்கே வந்தபோதெல்லாம் நீ என் தலைமுடியைக் கோதிவிட்டதை இனி யார் செய்வார்கள்? என்றும் உன், ஏ. ஹெல்யர்.’

அடுப்பில் கெண்டி கூவியது. யாரும் எழுந்து போகவில்லை.

“காதல் கடுதாசியில கூட இனிஷியல் போட்டுக் கையெழுத்தா!” என்றாள் தெல்மா. அவளுக்குக் கோபப்பட உடனே கிடைத்தது அதுதான்.

ரெஜ் குடும்ப வேதாகமத்தை எடுத்துவந்து முதல் பக்கத்தைத் திறந்தார். பிறப்பு, திருமணம் எல்லாம் அதில்தான் எழுதியிருந்தது. லவீனியாவுக்கும் சாமுவேல் யாப்ஸ்லிக்கும் கல்யாணம் அதே 1879 ஜூன் மாதம். மூத்த மகன் வில்ஃப்ரெட், அதாவது ரெஜ்ஜின் அப்பா, பிறந்தது அதே வருடம் நவம்பர் மாதம். ரெஜ் விரலை மடக்கினார். ஒரு கையோடு எண்ணிக்கை முடிந்துவிட்டது.

“அப்பா குறைமாசப் பிள்ளைன்னுதான் சொல்வாங்க” என்றார் மெதுவாக.

“ஒன்பது பவுண்டு எடைன்னு உங்கப்பா பெருமை பேசாத நாளுண்டா? குறைமாசத்துல எவனாவது ஒன்பது பவுண்டு பொறப்பானா?”

ரெஜ் எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றார். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“தெல்மா. நான் ஹெல்யர் பேரன்.”

“வாயை மூடு.”

“இந்த மூக்கு யாப்ஸ்லி மூக்கே இல்லன்னு எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம்.”

“ரெஜ், இந்த வீட்டு விஷயம் இந்தச் சமையலறையைத் தாண்டக் கூடாது. நான் தேவாலயத்துல பூ அலங்காரத்துக்குத் தலைவி. புரியுதா?”

ஆனால் கடிதம் வெளியே போகாவிட்டால் கூஜா கழிப்பறை வழியிலேயே இருக்கும். எனிட்டின் தட்டு முன்கூடத்தில் பல்லைக் காட்டும். இரண்டு நாள் தெல்மா கதவுகளைச் சாத்திக்கொண்டே இருந்தாள். வீட்டில் சத்தம் வராத கதவே இல்லை. மூன்றாம் நாள் கடிதத்தை நான்காக மடித்து, கையெழுத்தும் ‘கூஜா’ என்ற சொல்லும் மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டு பெத்திக் முன்னால் நீட்டினாள்.

“ஆதாரம்.”

“மடிப்பைப் பிரிக்கலாமா?”

“வேண்டாம்.”

“முழுசாப் பார்க்காம அட்டை மாத்த முடியாதே, மிசஸ் யாப்ஸ்லி.”

பிரித்தார். படித்தார். காது நுனி முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. இருமலே வரவில்லை. இருபது வருடமாக ஹெல்யரைப் பற்றிக் குறிப்பெடுத்து வந்தவர் அவர். ஏ என்பது ஆர்தரா ஆல்ஃபிரடா என்பதிலேயே அரைப் புத்தகம் எழுதியிருந்தார்.

“மிசஸ் யாப்ஸ்லி” என்றார். “முன்கூடம். நடுப்பெட்டி. ‘ஹெல்யர் வடிவமைத்தது.’ எனிட் லஸ்கமோட தட்டை ஓரத்துக்குத் தள்ளிடறேன்.”

தெல்மாவுக்கு அந்த மாதத்திலேயே அப்போதுதான் சிரிப்பு வந்தது.

“கடுதாசியைப் பக்கத்துலயே பெருசாக்கி மாட்டறேன்.”

சிரிப்பு போய்விட்டது. “அது எதுக்கு?”

“அதுதானே ஆதாரம்! கடுதாசி இல்லன்னா அட்டையும் இல்ல.”

நடுப்பெட்டி. எனிட்டின் தட்டு ஓரத்தில். தெல்மா கண்ணை மூடித் திறந்தாள். “மாட்டித் தொலைங்க” என்றாள்.

*

ஊரில் விஷயம் பரவ ஒரு நாள் பிடித்தது. அதில் முக்கால்வாசியை ரெஜ்ஜே பரப்பினார்.

கழுத்தில் பட்டுத் துணி கட்டிக்கொண்டு ஹெல்யர் சாராயக் கடைக்குப் போனார். “எங்க தாத்தா பேர்ல கடை நடத்தறீங்க, சந்தோஷம்” என்றார். கடைக்காரர் அவருக்கு இரண்டு கோப்பை பியர் இலவசமாகக் கொடுத்தார். ரெஜ் கோப்பையைத் தூக்கிப் பார்த்து, “கைப்பிடி சரியில்ல. தாத்தா இருந்திருந்தா ஒத்துக்க மாட்டாரு” என்றார். ஆர்தரை விட ஆல்ஃபிரட்தான் தன் முகத்துக்குப் பொருந்துகிறது என்று கடையிலேயே முடிவு செய்து, எல்லாரிடமும் ஆல்ஃபிரட் தாத்தா என்றே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தேவாலயத்தில் போதகரின் மனைவி மிசஸ் ட்ரீவ் தெல்மாவைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டாள். “இந்த மாசம் நீ பூ வைக்க வேண்டாம், தெல்மா. உனக்கு ஓய்வு தேவைப்படும்.”

“எனக்கு எதுக்கு ஓய்வு?”

“இல்ல, பெரியவங்க காலத்துல நடந்ததுக்கு நீ என்ன செய்வே? ஆனா பலிபீடம்னு ஒண்ணு இருக்கில்ல.”

தெல்மா தூணைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். நூறு வருடத்துக்கு முன்பு ஆற்றங்கரையில் எவளோ எவன் தலையையோ கோதினாள், இவளுக்கு எதற்குப் பூ வைக்கத் தடை? அவள் யாப்ஸ்லி ரத்தம்கூடக் கிடையாது. மோதிரம் மாற்றிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள். ரத்தத்துக்குச் சொந்தக்காரர் பட்டுத் துணி கட்டிக்கொண்டு பியர் குடிக்கிறார், பழி மட்டும் இவள் தலையில் விழுகிறது.

மளிகைக் கடையில் மூன்று பெண்கள் பேச்சைச் சட்டென்று நிறுத்தியபோது தெல்மாவுக்குப் பொறுக்கவில்லை. வாய் தானாகவே திறந்துகொண்டது.

“உங்களுக்கெல்லாம் பாதிதான் தெரியும். லவீனியாவும் ஹெல்யரும் சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. லண்டன்ல. ரகசியமா. எல்லாம் ஒழுங்காத்தான் நடந்துச்சு.”

“அப்படியா, கண்ணு?” என்றாள் கல்லாவில் இருந்தவள்.

“அப்படித்தான்.”

இதைச் சொல்லிவிட்டு முட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள். நிம்மதி இருபது நிமிடம் நீடித்தது. இருபத்தோராவது நிமிடம் எனிட் பின்கதவைத் திறந்துகொண்டு, தட்டாமல், சமையலறைக்குள்ளேயே வந்து நின்றாள். ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை.

“ஏண்டி! லவீனியாவுக்கு ஹெல்யர்தான் முதல் புருஷனா?”

“ஆமா. அதுக்கென்ன?”

“அவரு உசுரோட இருக்கும்போது ஜூன் மாசம் எங்க சாமுவேல் தாத்தாவைக் கட்டிக்கிட்டாங்களே, அது என்ன? அது செல்லுமா? அப்போ உன் மாமனாரு நல்ல முறையில பொறந்தவரு. அதுக்கப்புறம் பொறந்த எங்கப்பா? அவரு யாரு? நான் யாரு?”

தெல்மா இதை யோசித்திருக்கவில்லை.

“நேத்து வரைக்கும் அசிங்கம் உன் வீட்டோட இருந்துச்சு” என்று கத்தினாள் எனிட். “நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்தேன்! அதுக்குத்தானே அந்தக் கடுதாசியைக் குடுத்தேன்!”

“அப்படி வா வழிக்கு! அந்தச் சிரிப்பு எதுக்குன்னு இப்போ தெரியுது!”

“உன் பன்னு புளிச்சுப் போயிருந்துச்சு, தெரியுமா?”

“ஆறையும் தின்னுட்டுச் சொல்றியே!”

ரெஜ் வாசலில் எட்டிப் பார்த்தார். “எனிட், மனசு விட்டுடாதே. உங்கப்பா எனக்குச் சித்தப்பாதான், எப்படிப் பொறந்திருந்தாலும்.” எனிட் கைக்கு எட்டிய முட்டையை எடுத்து அவர்மேல் வீசினாள். அது பட்டுத் துணியில் விழுந்தது.

ஒரு வாரம் யோசித்து, தெல்மா மறுபடி சமாளிக்கப் பார்த்தாள். ஹெல்யர் அந்த மே மாதமே காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்ததாம், அதை நம்பித்தான் லவீனியா சாமுவேலைக் கட்டினாளாம். இந்தக் கதையை நேராக பெத்திக்கிடமே போய்ச் சொன்னாள், அவர் வாயால் ஊருக்குப் போகட்டும் என்று.

“ஆனா ஹெல்யர் இன்னும் பதினேழு வருஷம் வரைபடம் அனுப்பியிருக்காரே” என்றார் பெத்திக்.

“செய்தி தப்பா வந்திருக்கும்.”

“ரகசியக் கல்யாணம், சாவுச் செய்தி… அடேயப்பா! நான் மளிகைக் கடையில கேட்டதுமே லண்டனுக்கு எழுதிட்டேன். கடுதாசித் தலைப்புல விலாசம் இருந்துச்சே, அந்த ஓவியப் பள்ளி. இன்னும் நடக்குதாம்! கல்யாணப் பதிவு ஏதாவது இருக்கான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“அஞ்சலட்டை வந்திருக்கு. ‘ஹெல்யரைப் பற்றிக் கேட்டதில் மகிழ்ச்சி. எங்களிடம் உள்ள புகைப்படத்தை உங்களுக்கு அன்பளிப்பாகத் தருகிறோம். திறப்பு விழாவுக்கு ஆள் அனுப்புகிறோம்’னு. கல்யாணத்தைப் பத்தி நேர்ல சொல்வாங்க போல.”

“உங்களை யாரு எழுதச் சொன்னது? நான் சொன்னா நம்பணும், அதை விட்டுட்டு லண்டனுக்கு எழுதுவீங்களா?”

“ஆதாரம்…”

“ஆதாரத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க!”

*

திறப்பு விழா அன்று மழை. ஊர் முழுவதும் உள்ளேயே நெருக்கியடித்து நின்றது. ஈரக் கோட்டு வாசனையும் தேநீர் வாசனையும் கூடத்தை நிறைத்திருந்தன.

நடுப்பெட்டியில் கூஜா இருந்தது. செம்மண் நிறம், மடக்கிய முழங்கை போன்ற கைப்பிடி, கழுத்தில் லவீனியா போட்ட மெல்லிய நீலப் பட்டை. இரு பக்கமும் இரண்டு குவளைகள். அட்டையில் ‘ஏ. ஹெல்யர் வடிவமைத்தது’ என்று கறுப்பு எழுத்தில் இருந்தது. அந்த ஓர் அட்டைக்காக மூன்று வாரம் பட்டபாடு போதாதென்று, பெத்திக் அதன் கீழே தெல்மாவைக் கேட்காமல் இன்னொரு அட்டையும் வைத்திருந்தார்: ‘விழாவைத் தொடங்கிவைப்பவர் வடிவமைப்பாளரின் பேரன், திரு. ரெஜினால்ட் யாப்ஸ்லி.’

பேரன் புதுப் பட்டுத் துணி கட்டி, மீசைக்கு மெழுகு தடவி, ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் மைக்கும் பிடித்து நாடாவுக்கு முன்னால் நின்றார்.

“எங்க ஆல்ஃபிரட் தாத்தா…” என்று தொடங்கினார். பேருந்தில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லிப் பழகிய குரல், கூடத்தின் கோடி வரை கேட்டது. தாத்தாவின் கை, தாத்தாவின் கண், தாத்தாவின் மூக்கு என்று ஒவ்வொன்றாக வந்தது. மூக்குக்கு வந்தபோது பக்கவாட்டில் திரும்பியும் காட்டினார்.

மூன்றாவது வரிசையில் மிசஸ் ட்ரீவ் பக்கத்திலிருந்தவளிடம் குனிந்தாள். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். “முறைப்படி கல்யாணம்னு ஒரு கதை, செத்துப் போனாருன்னு ஒரு கதை. நாளைக்கு என்ன கதையோ.”

எனிட் அதைக் கேட்டாள். தெல்மாவும் கேட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக எனிட் தலையை லேசாக ஆட்டினாள்.

தெல்மாவுக்குள் இத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பியது. பெத்திக் மேலிருந்த கோபம், பாணி மேலிருந்த கோபம், பூச்சாடி பிடுங்கப்பட்ட கோபம், தானே சொன்ன பொய்களின் மேலிருந்த கோபம் எல்லாம் சேர்ந்தே கிளம்பின. விறுவிறுவென்று முன்னால் போய் ரெஜ்ஜின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

“எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க! கல்யாணமும் ஆகல, மண்ணாங்கட்டியும் ஆகல! அந்தக் கதையெல்லாம் நான் கட்டினது. யாரும் காய்ச்சல்ல சாகவும் இல்ல. லவீனியா ஆலையில பட்டை போட்ட பொண்ணு. ஹெல்யரை விரும்பினா. ஹெல்யரும் அவளை விரும்பினாரு. அந்த அன்புல பொறந்தவருதான் என் மாமனாரு! ஒன்பது பவுண்டு! இதோ நிக்கறாரே, இவரு ஹெல்யரோட பேரன். எனக்கு இதுல ஒரு வெக்கமும் இல்ல. இந்த ஊர்ல பள்ளிக்கூடத்துக்கு ஹெல்யர் பேரு வைப்பீங்க, சாராயக் கடைக்கு வைப்பீங்க, அவரு ரத்தம் ஓடறவனோட பொண்டாட்டி பூ வைக்கக் கூடாதா? வைப்பேன்! வர்ற ஞாயித்துக்கிழமை வைப்பேன். யாரு தடுக்கறீங்கன்னு பார்க்கறேன்!”

முதலில் எனிட் கைதட்டினாள். சாராயக் கடைக்காரர் தட்டினார். கல்லாக்காரி, “சபாஷ், கண்ணு!” என்று கத்தினாள். கூடமே அதிர்ந்தது. மிசஸ் ட்ரீவ்கூட, சுற்றிலும் பார்த்துவிட்டு, கையுறையோடு இரண்டு தட்டு தட்டினாள். ரெஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டே நாடாவை வெட்டினார். வாழ்க்கையில் இவ்வளவு நிமிர்ந்து தெல்மா நின்றதே இல்லை.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, மழையில் நனைந்த ஓர் இளம்பெண் முன்னால் வந்தாள். ரயில் தாமதமாம். ஓவியப் பள்ளியிலிருந்து வருகிறாளாம். கக்கத்தில் பழுப்புத் தாள் சுற்றிய பெரிய படச்சட்டம். பெத்திக் ஓடிப்போய் அவள் குடையை வாங்கிக்கொண்டார். ரெஜ் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, “எங்க தாத்தா படம்தானே?” என்று அவளிடம் கேட்டுவிட்டு, தாத்தாவைப் பார்க்கத் தயாராகப் படச்சட்டத்துக்கு நேரே முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி நின்றார். ஒப்பிட்டுப் பார்க்க ஊருக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

தாளைப் பிரிக்கத் தொடங்கியவள், பெட்டியிலிருந்த இரண்டாவது அட்டையைப் படித்தாள். ரெஜ்ஜைப் பார்த்தாள். திரும்பவும் அட்டையைப் படித்தாள்.

“மன்னிச்சுக்குங்க, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல” என்றாள். “எங்க மிஸ் அகஸ்டா ஹெல்யர் எப்படிங்க இவருக்குத் தாத்தா ஆவாங்க?”